வரம்பில் வெட்டிய கிணறு

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில் வீடும் காணியும் பெண்ணின் பெயரில் இருக்கும். வயலுக்குப் போவது மட்டும் ஆண். அதனால்தான் கலியாணத்தின்போது சீதனமாக எழுதித் தந்த ஒன்றரை ஏக்கர் வயலை நாற்பத்திரண்டு வயது வரைக்கும் நான் கண்ணால் காணவில்லை. சம்மாந்துறையைத் தாண்டி, வீரமுனைப் பக்கமாக அது கிடக்கிறது என்று தெரியும். மாரி என்கிற மழைக்காலப் போகத்துக்கு மட்டும் வயல் செய்கிற குத்தகைக்காரர், வெள்ளாமை வெட்டியதும் நெல் மூட்டைகளை உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கொண்டுவந்து கல்முனையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இறக்கிவிட்டுப் போவார். அந்த மூட்டைகள்தான் எனக்குத் தெரிந்த வயல்.

என் கணவர் கட்டாரில் மேசன் வேலை செய்தார். ஒருநாள் கட்டடச் சாரம் சரிந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஒரு சூட்கேஸோடும் ஊன்றுகோலோடும் திரும்பி வந்தார். பாரம் தூக்கக் கூடாது, ஏணி ஏறக் கூடாது என்று வைத்தியர் சொன்னார். ஒரு மேசனுக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

வெளிநாட்டுக் காசு நின்ற பிறகுதான் எங்கள் வீட்டின் வருடம் இரண்டு துண்டாக இருப்பது எனக்கு விளங்கியது. மாரி வெள்ளாமை முடிந்த கையோடு கூடத்தின் மூலையில் நெல் மூட்டை அடுக்கியிருக்கும். யாராவது வந்தால் தைரியமாகச் சோற்றுக்கு இருக்கச் சொல்லலாம். ஜூன் பிறந்தால் அந்த மூலை வெறுமையாகிவிடும். என் இரண்டு பெண் பிள்ளைகளும் அந்த இடத்தில் பாய் விரித்துப் படிப்பார்கள். அடுத்த அறுவடை வரைக்கும் நான் தேநீர்க் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பேன். ஒரே காணி, ஒரே குடும்பம். தண்ணீர் இருக்கிற ஆறு மாதம் நாங்கள் ஒரு மாதிரி மனிதர்கள், தண்ணீர் இல்லாத ஆறு மாதம் இன்னொரு மாதிரி.

அப்படி ஒரு ஜூன் மாதத்தில் என் மூத்த அண்ணன், நாங்கள் காக்கா என்போம், மோட்டார் சைக்கிளில் அரிசி மூட்டையோடு வந்தார்.

"பள்ளிவாசல்ல ஏழையளுக்குக் குடுக்கிற ஸகாத்துக்குப் பட்டியல் எழுதுறாங்க. ஒன்ட பேரையும் போடச் சொல்லிட்டன்" என்றார்.

"எனக்கு ஒன்றரை ஏக்கர் காணி இரிக்கி காக்கா. காணிக்காரிக்கு என்னத்துக்கு ஸகாத்?"

"காணி இரிந்து என்ன புள்ள? வருசத்துல பாதி நாள் அது கட்டாந்தரை."

அவர் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். அதனாலேயே அது எனக்கு உள்ளே போய் இறங்கியது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றதால் அரிசியை வாங்கி வைத்தேன். பட்டியலில் பேரை வெட்டச் சொன்னேன். அடுத்த நாள் காலையில் கணவரிடம், "என்ட காணிய எனக்குக் காட்டுங்க" என்றேன்.

ஆட்டோவில் போனோம். வீரமுனைக்குக் கிட்டப் போனதும் ரோட்டின் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை. வாய்க்கால் தண்ணீரில் செய்கிற கோடைப் போகமான சிறுபோக நெல், கதிர் தள்ளுவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் நின்றது. வாய்க்கால் ஓரமாக உள்ளே போகப் போகப் பச்சை வெளிறியது. பிறகு மஞ்சளானது. பிறகு வெறும் வெடித்த நிலம். எங்கள் காணிக்கு முந்நூறு அடி முன்னாலேயே வாய்க்கால் காய்ந்து, அதற்குள் ஆட்டுப் புழுக்கையும் பிளாஸ்டிக் போத்தலும் கிடந்தன. மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக அடித்தது.

வட்டை விதானை வந்தார். அந்த வயல்வெளிக்குத் தண்ணீர் பங்கிடுவதற்காக விவசாயிகள் சேர்ந்து தெரிவு செய்கிற ஆள் அவர். என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துக் கதைத்தார்.

"சிறுபோகத்துல தண்ணி தலைமாட்டுக் காணியளோட முடிஞ்சிரும். ஒங்கட காணி கடைசி. எப்பவும் அப்படித்தான்."

"எப்பவும் அப்படித்தான் எண்டு ஆரு முடிவெடுத்த?" என்று நான் கேட்டேன்.

அவர் சிரித்தார். "வீட்டுக்காரிய வெயிலுக்க வெச்சிக்கி நிக்காதீங்க, கூட்டிப் போங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

நான் போகவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் வீட்டில் இருக்கவில்லை. கிழமைக்கு மூன்று நாள் அந்தக் கட்டாந்தரைக்குப் போகத் தொடங்கினேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. கல்முனைப் பெண்ணொருத்தி அபாயாவோடு வெடித்த வயலில் நிற்கிறாள் என்று ஊரில் கதை பரவியது. என் கணவரிடம் இரண்டு பேர் வந்து புத்தி சொன்னார்கள். "அது அவட காணி" என்று மட்டும் அவர் சொன்னார். அந்த மூன்று சொல்லுக்காக நான் இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

பக்கத்துக் காணியில் ஒரு பெண் நின்றார். என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு இருக்கும். கணவர் இறந்துவிட்டார். வீரமுனையிலிருந்து நடந்தே வருவார். வாய்க்கால் ஓரத்துக் குழியொன்றில் தேங்கியிருந்த கலங்கல் தண்ணீரை வாளியில் மொண்டு, இருபது முப்பது மிளகாய்க் கன்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் தங்கச்சி என்றார்.

யுத்த காலத்தில் எங்கள் முஸ்லிம் ஊரும் அவருடைய தமிழ் ஊரும் ஒன்றையொன்று பார்த்த பார்வையை நான் எழுத வேண்டியதில்லை. வயலுக்குப் போன என் மாமா திரும்பி வரவில்லை. சந்தைக்குப் போன அக்காவுடைய அண்ணன் திரும்பி வரவில்லை. இதை நாங்கள் ஒரே ஒரு தடவைதான் கதைத்தோம். கதைத்து முடித்ததும் அவர் போத்தலில் இருந்த தண்ணீரை எனக்குத் தந்தார். நான் குடித்தேன்.

கிணறு வெட்டலாமா என்று முதலில் கேட்டது நான். எங்கே வெட்டுவது என்று சொன்னது அவர்.

"உங்கட காணிக்க தோண்டினா என்ட பக்கத்துத் தண்ணியும் அதுக்குள்ளதான் ஊறும். என்ட காணிக்க தோண்டினா உங்கட தண்ணி இஞ்ச வரும். பிறகு ரெண்டு பேரும் அடிபடுவம். வரம்புல தோண்டுவம் தங்கச்சி. பாதி உங்கட, பாதி என்ட."

நான் கையிலிருந்த இரண்டு காப்புகளை விற்றேன். அவர் ஒரு பசுவை விற்றார். அது பால் கறக்கிற பசு என்று பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

செய்தி பரவியதும் காக்கா மறுபடி வந்தார். இந்த முறை வெறும் கையோடு.

"ஒனக்கு வேற ஆள் கிடைக்கல்லயா? நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தா அது ஆருட கிணறு?"

"இறைக்கிற ஆளுட கிணறு."

"வெளையாட்டா கதைக்காத. வரம்புல கிணறு வெட்டினா ரெண்டு காணிக்கும் எல்லையே இல்லாமப் போகும்."

"எல்லைய வெச்சி இவ்வளவு காலமும் என்னத்த வெளைய வெச்ச காக்கா?"

அக்காவுடைய வீட்டிலும் அதே சண்டைதான். அவருடைய தம்பி, அவங்கட ஆக்கள் மெல்ல மெல்லக் காணியைப் பிடித்துவிடுவார்கள் என்று சொன்னாராம். "பிடிக்கிறதுக்கு அதுல என்ன கிடக்கு, புழுதிதானே" என்று அக்கா திருப்பிக் கேட்டாராம்.

ஆகஸ்டில் வெட்டத் தொடங்கினோம். தண்ணீர் மிகக் கீழே போயிருக்கிற மாதத்தில் வெட்டினால்தான் பிறகு வற்றாது என்று கிணறு வெட்ட வந்தவர் சொன்னார். அவர் இறக்காமத்துக்காரர், ஐம்பது வயதுக்கு மேல், மெலிந்த உடம்பு. முதல் எட்டு அடி களிமண். மண்வெட்டி இறங்கவே மறுத்தது. அதற்குக் கீழே ஈர மணல் வந்தது. மணலைக் கண்டதும் அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

அடுத்த நாள் முற்பகல் அந்த மணல்தான் சரிந்தது. மேலே நின்று நானும் அக்காவும் கயிற்றில் மண் கூடையை இழுத்துக்கொண்டிருந்தோம், என் கணவர் கொஞ்சம் தள்ளி நிழலில் இருந்தார். சத்தமே இல்லை. கிழக்குப் பக்கச் சுவர் அப்படியே கழன்று, கிணறு வெட்டுகிறவரின் இடுப்பு வரைக்கும் மூடியது. கீழேயிருந்து தண்ணீரும் மணலும் சேர்ந்து கொப்பளித்தது. அவர் கத்தவில்லை. "கயிறு, கயிறு" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். சத்தமாகச் சொன்னால் மற்றச் சுவரும் விழுந்துவிடும் என்று பயந்ததுபோல.

கயிற்றை எறிந்தோம். அவர் கக்கத்துக்குள் கட்டிக்கொண்டார். நானும் அக்காவும் இழுத்தோம், அசையவில்லை. பாரம் தூக்கக் கூடாத என் கணவர் ஊன்றுகோலை எறிந்துவிட்டு ஓடிவந்து, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்து பின்னுக்குச் சாய்ந்தார். அவருடைய முகம் வெளிறியதை நான் பார்த்தேன். நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. நிறுத்தினால் கீழே இருக்கிற மனிதர் போய்விடுவார். மூன்று பேரும் இழுத்தோம். முதலில் ஒரு முழம் வந்தார், பிறகு இன்னும் கொஞ்சம், பிறகு மொத்தமாக மேலே வந்து விழுந்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரம் இல்லை, மணல்தான் உடுப்பாக இருந்தது. அக்கா தன் தோளில் கிடந்த சால்வையை எறிந்தார்.

என் கணவர் அந்த இழுப்புக்குப் பிறகு மூன்று கிழமை படுக்கையில் கிடந்தார். ஊர் முழுக்க ஒரே கதை. பொம்பிளைகள் தொட்ட காரியம் என்றார்கள். இரண்டு மார்க்கமும் கலந்ததால் பூமி ஏற்கவில்லை என்றும் ஒருவர் சொன்னார். வட்டை விதானை வந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "மாடு கீடு விழ முந்தி மூடிருங்க" என்றார்.

"மூட மாட்டம்" என்று அக்கா சொன்னார். நான் சொல்ல நினைத்ததை அவர் முந்திக்கொண்டார்.

கிணறு வெட்டுகிறவர் இனி வர மாட்டார் என்றுதான் நினைத்தோம். பத்தாம் நாள் ஒரு லொறி வந்து நின்றது. அதில் சீமெந்து வளையங்கள். முன் இருக்கையிலிருந்து அவர் இறங்கினார்.

"இத விட்டுட்டுப் போனா அந்தக் குழி ஆயுள் முழுக்க என்னப் பாத்துச் சிரிக்கும் ராத்தா" என்று என்னை அக்கா முறையில் கூப்பிட்டுச் சொன்னார். "மணலுக்கு வளையம் இறக்கித்தான் வெட்டியிரிக்கணும். களிமண்ணக் கண்டு ஏமாந்திட்டன். பிழை என்ட."

வளையத்தை வைத்து, அதற்குள் நின்று மண்ணை எடுக்க எடுக்க, வளையம் தன் பாரத்தில் தானே இறங்கியது. ஒன்றின்மேல் ஒன்றாக. பத்தொன்பதாவது அடியில் தண்ணீர் அவருடைய நெஞ்சுக்கு வந்தது. இனிக் குனிந்து வெட்ட முடியாது என்று மேலே ஏறிவிட்டார். முதல் வாளியை அக்கா குடித்துப் பார்த்து என்னிடம் தந்தார். உப்பு இல்லை. மண் வாசம் மட்டும் இருந்தது.

பழைய பம்பு ஒன்று வாங்கினோம். ஒற்றை நாள் எனக்கு, இரட்டை நாள் அவருக்கு. எழுத்தில் ஒன்றும் வைக்கவில்லை. நெல் செய்ய அந்தத் தண்ணீர் காணாது. ஆகவே அடுத்த சிறுபோகத்தில் நான் கச்சான் கடலையும் பயிற்றங்காயும் வெண்டியும் போட்டேன். அவர் மிளகாயும் சோளனும் போட்டார். என் கணவர் நடக்கத் தொடங்கியதும் தன் வேலையைத் தானே கண்டுபிடித்தார். நிழலில் கதிரை போட்டு உட்கார்ந்து நாற்றுப் போடுவது. மேசனின் கை என்பதால் பாத்திகள் நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கும். காலையில் பறித்ததைப் பிரதான வீதியில் மேசை போட்டு அவரே விற்பார்.

அந்த ஜூனில் நான் இடியப்பம் அவிக்கவில்லை. மூத்த மகள் உயர்தரத்துக்கு விஞ்ஞானம் படிக்கப் போனாள். அதற்கு முந்திய வருடம் அவளே என்னிடம், "செலவு கூட எண்டா நான் கலைப்பிரிவுக்குப் போறன் உம்மா" என்று சொல்லியிருந்தாள். நாங்கள் பணக்காரர் ஆகிவிடவில்லை. வெண்டி விலை விழுந்தால் மாட்டுக்குப் போட வேண்டியதுதான். டீசல் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில் நானும் அக்காவும் வாளியால் இறைத்தோம். தோள்மூட்டு இறங்கி, சோற்றைப் பிசையக்கூடக் கை வரவில்லை. பாதிப் பயிர் செத்தது, பாதி பிழைத்தது. அந்தப் பாதியில்தான் சாப்பிட்டோம். முன்பென்றால் அந்தப் பாதியும் இருந்திருக்காது.

பிறகுதான் உண்மையான அடி வந்தது. அது பூமியிலிருந்து வரவில்லை, கடதாசியில் வந்தது.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் தண்ணீர் திறக்கும் திகதியைத் தீர்மானிக்க உத்தியோகத்தர்களும் விவசாயிகளும் கூடுவார்கள். மாரிக் கூட்டத்துக்கு நானும் அக்காவும் போனோம். மண்டபம் நிறைய ஆண்கள். நாங்கள் இரண்டே பெண்கள். தண்ணீர் பெறும் காணிகளின் பட்டியலை வாசித்தார்கள். எங்கள் இரண்டு காணியும் அதில் இல்லை.

எழும்பிக் கேட்டேன். உத்தியோகத்தர் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். "உங்கள் காணிகளுக்குச் சொந்த நீர் வசதி இருப்பதாகப் பதியப்பட்டிருக்கிறது" என்றார்.

"ஆரு பதிஞ்ச?"

வட்டை விதானை எழும்பினார். "கிணறு வெச்சிரிக்கிற ஆக்களுக்கு என்னத்துக்கு வாய்க்கால் தண்ணி? அந்தப் பங்கு தலைமாட்டுக்கு வந்தா நெல்லுக்காவது உதவும்."

மண்டபத்தில் சிலர் ஓம் ஓம் என்றார்கள். பக்கத்தில் அக்கா என் கையைப் பிடித்தார். பிறகு நான் கதைத்தது எல்லாம் என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே ஆச்சரியம்.

"மழைத் தண்ணியில வெளஞ்சா பத்துல ஒண்டு ஸகாத் குடுக்கணும். இறைச்சு ஊத்தி வெளஞ்சா இருபதுல ஒண்டு. இது இஞ்ச இரிக்கிற எல்லாருக்கும் தெரியும். ஏன் பாதியாக் குறைச்ச? இறைக்கிறவங்கட கஷ்டத்துக்கு. அல்லாஹ் இறைக்கிற ஆளுக்குச் சலுகை தந்திரிக்கான். நீங்க இறைச்ச குத்தத்துக்கு இரிக்கிற தண்ணியையும் வெட்டுறீங்க. நாங்க கிணறு வெட்டினது நீங்க தண்ணி தராததால. இப்ப கிணறு இரிக்கி எண்டு தண்ணி தர மாட்டீங்க எண்டா, இது எந்த நியாயம்?"

யாரும் சிரிக்கவில்லை. அக்கா எழும்பினார். "மாரியில வாய்க்கால் ஓடினாத்தான் சிறுபோகத்துல கிணறு ஊறும் ஐயா. ரெண்டும் ஒரே தண்ணிதான். நாங்க ரெண்டு பங்கு கேக்கல்ல."

பின்வரிசையில் கடைசிக் காணிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். குழி சரிந்தபோது எங்களைப் பார்த்துச் சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழும்பி, "ராத்தா சொல்றது சரி. நாளைக்கு நான் கிணறு வெட்டினா என்ட காணியையும் வெட்டுவீங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு மண்டபம் முழுக்க ஒரே சத்தம்.

உடனே ஒன்றும் தீரவில்லை. எழுத்தில் விண்ணப்பம் தரச் சொன்னார்கள். தந்தோம். உத்தியோகத்தர் இல்லை என்றார்கள். அடுத்த நாளும் போனோம். கோப்பைக் காணவில்லை என்றார்கள். பிரதியை நீட்டினோம். நான்கு கிழமை, இரண்டு பேரும் சோற்றுப் பொதியோடு அலுவலக வாசலில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அந்த உத்தியோகத்தரே எங்களைக் கண்டதும் எழும்பி உள்ளே போய்க் கையெழுத்தோடு வந்தார். மாரிக்கு எங்கள் காணிகள் மறுபடி பட்டியலில் சேர்ந்தன. சிறுபோகத்துக்குத் தர முடியாது என்று எழுதியிருந்தார்கள். அதற்கு நாங்கள் ஒப்பமிடவில்லை. ஒவ்வொரு சிறுபோகத்துக்கும் இன்றைக்கு வரைக்கும் விண்ணப்பம் கொடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் இல்லை என்கிறார்கள். அடுத்த விண்ணப்பம் என் பையில் எப்போதும் இருக்கும்.

கடைசிக் காணிகளில் இப்போது இன்னும் மூன்று கிணறு இருக்கிறது. ஒன்றில் உப்புத் தண்ணீர் வந்து அந்த மனிதரின் உழைப்பு வீணாய்ப் போனது. மற்ற இரண்டும் ஊறுகின்றன. கிணறு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஒரு பெண்ணிடம் வருடத்தில் இரண்டாவது போகம் ஒன்று இருந்தால், அவள் வாயிலிருந்து வருகிற சொல்லின் பலமே வேறு. அதை நான் என் தொண்டையிலேயே கண்டேன்.

போன வருடம் ஒரு வாகனம் வந்தது. ஏதோ கருத்திட்டம் என்றார்கள். சப்பாத்தில் புழுதி படாமல் வரம்பில் நடந்து வந்த இரண்டு பேர் கிணற்றைச் சுற்றிப் படம் எடுத்தார்கள். பிறகு சாரதி ஒரு தகரப் பலகையை இறக்கினார். அதில் அவர்களுடைய திட்டத்தின் பேர் பெரிதாக எழுதியிருந்தது.

"இந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் இதை நடுவோம். நீங்கள் இரண்டு பேரும் பலகைக்கு இரண்டு பக்கமும் நில்லுங்கள்" என்றார் ஒருவர்.

"நீங்க இந்தக் கிணத்துக்கு என்ன தந்த?" என்று கேட்டேன்.

"இனிமேல் ஏதாவது செய்யலாம்" என்றார்.

"அப்ப செஞ்சிட்டு வாங்க. பலகை நடத்தான் வேணும் எண்டா அந்தா அந்த வாய்க்கால்ல நடுங்க. தண்ணி வராத எடம் அதுதான். எப்ப வரும் எண்டும் சேத்து எழுதுங்க."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் வெண்டிப் பாத்தியைப் பார்த்தார். பலகை திரும்ப வாகனத்துக்குள் போனது. அவர்கள் போகுமுன் அக்கா ஆளுக்கு ஒரு பை மிளகாய் கொடுத்தார். விருந்தாளிகள் விருந்தாளிகள்தானே என்றார். அன்றைக்கு இரட்டை நாள், அக்காவின் முறை. அவர் போய்ப் பம்பை ஸ்டார்ட் செய்தார். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவருடைய சோளன் பக்கமாகத் தண்ணீரைத் திருப்பிவிடப் போனேன்.